தொட்டில் வந்த ஊர்

சென்ற வாரம் கதையை உசிலம்பட்டியில் நிறுத்தியிருந்தோம். 1985 இறுதியில் ஜூனியர் விகடன் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை எழுதியது. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' அதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. கொல்லப் பயன்பட்ட கள்ளிப்பாலும் நெல்மணியும் டெல்லிவரை பேச்சாயின. படித்தவர்கள் பதறினார்கள். பதறிய கையோடு கொஞ்சம் நிம்மதியும் அடைந்தார்கள் என்பதுதான் விசித்திரம். அது ஏதோ ஒரு சாதியின், ஒரு தாலுகாவின் வழக்கம்; நம்ம பக்கம் அப்படியெல்லாம் கிடையாது.

அந்த நிம்மதியைக் கலைத்தவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள். 1991 கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள். அன்றைய ஒன்றுபட்ட சேலம் மாவட்டத்தில் 849 பேர்தான். நாமக்கல் அப்போது தனியாகப் பிரியவில்லை. ஓமலூர், எடப்பாடி, மேட்டூர் என்று காவிரித் தண்ணீரும் கிணற்றுப் பாசனமும் விசைத்தறியும் உள்ள பூமி அது. பஞ்சத்தில் அடிபட்டுப் பிள்ளையைக் கொன்றார்கள் என்று சொல்லித் தப்பிக்க அங்கே வழியில்லை.

அதே சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. செம்மநத்தம் போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடிகளிடம் பெண் கேட்டுப் போகும் மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கொடுக்க வேண்டும். மகள் பிறந்தால் கடன் பிறந்தது என்று கணக்குப் போட அங்கே காரணம் இல்லை. மலையில் பெண்ணுக்குச் சொர்க்கம் என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். இளவயதுத் திருமணமும், பிரசவத்துக்கு எட்டாத ஆஸ்பத்திரியும் அவர்கள் தலையில் விழுந்த வேறு கஷ்டங்கள். ஆனால் கீழே சமவெளியிலும் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை பல சாதிகளில் பரிசம்தான் இருந்தது. பாசனமும் பணப்பயிரும் வந்தன, பையன்கள் படித்தார்கள், பரிசம் தலைகீழாகத் திரும்பி வரதட்சணையானது. பெண் சிசுக்கொலையைத் தொல்பழங்கால மூடவழக்கம் என்று எழுதியவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டார்கள். இது பழசின் மிச்சமல்ல. புதுப்பணத்தோடு வந்து சேர்ந்தது.

1992இல் முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கினார். கொல்லாதீர்கள், அரசிடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் செய்தி. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொட்டில்கள் வைக்கப்பட்டன. பெற்றவர் வந்து போட்டுவிட்டுப் போகலாம், பிள்ளையை அரசு வளர்த்துத் தத்துக் கொடுக்கும். படமெடுக்க வாகான திட்டம். பத்திரிகைகளும் சலிக்காமல் படமெடுத்தன. இரண்டு வருடத்தில் பாரதிராஜாவின் 'கருத்தம்மா'வும் திரைக்கு வந்து தியேட்டர்களில் அழவைத்தது.

தொட்டிலில் பிள்ளைகள் விழுந்தனவா? முதல் நான்கைந்து ஆண்டுகளில் வந்தவை இருநூறைத் தொடவில்லை. காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு உயிரும் உயிர்தான், அதில் தகராறில்லை. கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தபோதுதான் அந்த எண்ணின் லட்சணம் புரிந்தது.

தொட்டிலோடு கூடவே வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றோ இரண்டோ பெண் குழந்தை மட்டும் உள்ள, ஆண் வாரிசு இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு மகள் பெயரில் அரசு வைப்புத்தொகை போடும். பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டிருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொலை எங்கே நடந்தது? வடாற்காட்டில் கே.வி.குப்பம் பகுதியின் 12 கிராமங்களில் சாபு ஜார்ஜும் சகாக்களும் நடத்திய ஆய்வு 1992இல் வெளிவந்தது. முதல் பெண்ணை வீடுகள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன, ஆபத்து அடுத்தடுத்துப் பிறந்த பெண்களுக்கே என்று அது காட்டியது. உசிலம்பட்டிக்கு வெகுதூரத்தில், வேறு சாதிகளிடத்திலும் இது இருக்கிறது என்று ஆதாரத்தோடு சொன்னதும் அந்த ஆய்வுதான். ஆக, மூன்றாவதாகப் பிறந்த மகளுக்குத் திட்டத்தில் இடமே இல்லை. மகன் பிறக்கும்வரை ஓயமாட்டோம் என்று நிற்கும் வீட்டிடம், மகன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்றது அரசு. இந்த விதியை எழுதியவர் ஓமலூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், மாற்றியிருப்பார்.

இனி பதிவேடு. இந்தக் கதையின் மையமே அதுதான்.

ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரும் பிறப்பு இறப்புக் குறிப்பேடு வைத்திருப்பார். கர்ப்பிணியின் பெயர் ஏறும், பிறந்த குழந்தை ஏறும், இறந்தால் காரணமும் ஏறும். எடைக்குறைவு, மூச்சுத்திணறல், காய்ச்சல் என்று காரணங்கள் போய்க்கொண்டே இருக்க, நடுநடுவே ஒரு சொற்றொடர் வரும்: 'சமூகக் காரணம்'. பிறந்து சில நாட்களே ஆன, நல்ல எடையுள்ள பெண் குழந்தை. இறப்புக்குச் சமூகக் காரணம். ஊரில் தொடர்ந்து வேலை பார்க்க வேண்டிய செவிலியர் பொய்யும் எழுதவில்லை, போலீஸையும் கூப்பிடவில்லை. மருத்துவரும் மாவட்ட அலுவலகமும் அந்த எழுத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினார்கள்.

ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெ.பா. ஆத்ரேயாவும் மாநிலம் முழுவதிலுமிருந்து இந்த ஆரம்ப சுகாதார நிலையப் பதிவுகளைத் திரட்டி எண்ணினார்கள். இயற்கையில் பிறந்த ஒரு மாதத்துக்குள் ஆண் சிசுக்களே அதிகம் இறக்கும். எங்கே பெண் சிசு இறப்பு அதைத் தாண்டுகிறதோ அங்கே நோய் காரணமல்ல. 1997இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் சிசுக்கள் கொல்லப்பட்டார்கள். சேலத்திலும் தர்மபுரியிலும் எண்ணிக்கை குவிந்திருந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் அடுத்த நிலையில். ஆண்டுக்கு மூவாயிரம் ஒரு பக்கம், ஐந்தாண்டில் இருநூறுக்கும் குறைவாகத் தொட்டில் ஏறியவை மறுபக்கம்.

அரசுக்கு உண்மை தெரியாது என்பதில்லை, அதன் மேசையிலேயே கிடந்தது. நலத்திட்டங்கள் தடம்புரளும் இடங்களிலெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 'ரோபோடெட்' என்ற பெயரெடுத்த ஒரு முறை இருந்தது. உதவித்தொகை பெற்ற ஏழைகளின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கூறுகளாகச் சராசரி போட்டு, நீ அதிகம் வாங்கிவிட்டாய், திருப்பிக் கொடு என்று லட்சக்கணக்கானோருக்குக் கணினி கடிதம் அனுப்பியது. சட்டத்தைத் திருத்தாமல் இப்படிச் செய்ய முடியாது என்ற ஆலோசனை 2014லேயே துறையின் கோப்பில் இருந்தது. கடிதம் வந்தவர்கள் தங்கள் கதையை வெளியே சொல்ல, நிருபர்கள் விடாமல் எழுத, வழக்கும் நடக்க, 2020இல் அரசு பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023 ஜூலையில் கேதரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் அறிக்கை வந்தது. அமைச்சர்களையும் செயலாளர்களையும் கூண்டில் ஏற்றி, யார் எப்போது எதைப் படித்தார் என்று கேட்டார்கள். 'சமூகக் காரணம்' என்ற பத்தியைப் படித்துவிட்டு மேலே அனுப்பியவர்களை நம்மூரில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. சிறைக்குப் போனவர்கள் சில தாய்மார்கள்.

1996இல் ஆட்சி மாறியது, தொட்டில்கள் தூசி படிந்தன. போன ஆட்சியின் திட்டம் என்பதே போதுமான காரணமாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில்தான் தர்மபுரியில் ஆரவாரமில்லாமல் ஒரு நல்ல காரியம் நடந்தது. டென்மார்க்கின் டானிடா உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், உள்ளூர்க் கலைஞர்கள் கலைப்பயணமாக ஊர் ஊராகப் போய் மந்தையில் நாடகம் போட்டார்கள். மாமியாரும் மாமனாரும் எதிரே உட்கார்ந்திருக்க, வரதட்சணையும் கொலையும் அவர்கள் பேச்சிலேயே மேடையேறின. அடுத்த ஆண்டுகளின் பதிவேட்டில் பெண் சிசு இறப்பு குறைந்ததை ஆத்ரேயாவும் சுங்கத்தும் 2000இல் எழுதினார்கள்.

2001இல் ஜெயலலிதா திரும்பி வந்தார், தொட்டில்களும் திரும்பின. மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் விரிந்தன. இந்தமுறை குழந்தைகள் நூற்றுக்கணக்கில் வந்தன, ஆண் குழந்தைகளும் சில. வாங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கையே சாதனையாக அறிவிக்கப்பட்டது. பெண்ணை அரசிடம் தள்ளிவிடலாம் என்பதை அரசே வழக்கமாக்குகிறது என்று மகளிர் அமைப்புகள் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இத்தனை பெண் குழந்தைகள் என்ற கணக்கில் சேலத்தின் எண் 2001இல் 851. 2011இல் 916 ஆக ஏறியது, மாநிலத்துக்கு அப்போது 943. தொட்டிலுக்கு இதில் எவ்வளவு பங்கு, நாடகத்துக்கு எவ்வளவு, பெண்கள் படித்து வேலைக்குப் போனதற்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்டியதில்லை. போதாக்குறைக்கு, பிறந்த பிள்ளையைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி டவுனில் ஸ்கேன் சென்டர்கள் பெருகியிருந்தன. கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை விதித்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் 1996 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதை யார் மதித்தார்கள் என்பது அடுத்த வாரம்.