ரியல் ஆடியோவும் எம்பி3-யும்: பழைய கணினியைப் பாடவைத்த இரு வழிகள்

1997 வாக்கில் 486 கணினி ஒரு பழைய மாடல் ஆகிவிட்டது. பென்டியம் வந்து நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன. ஆனாலும் பல வீடுகளில் இருந்தது அதுதான்: 66 மெகாஹெர்ட்ஸ் செயலி, 8 அல்லது 16 மெகாபைட் ரேம், 540 மெகாபைட் ஹார்டு டிஸ்க், ஒரு சவுண்ட் கார்டு, 28.8 கிலோபிட் மோடம். இதை வைத்துக்கொண்டு இணையத்துப் பாட்டைக் கேட்க நினைத்தவர் முதலில் ஒரு கணக்கில் முட்டிக்கொள்வார். சிடியில் இருக்கும் இசை நொடிக்கு 1,411 கிலோபிட். தொலைபேசிக் கம்பி தருவதோ அதில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்த இடைவெளியைத் தாண்ட அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ரியல் ஆடியோ, மற்றது எம்பி3. எது உயர்ந்தது என்ற சண்டை அப்போதே இருந்தது. கணினியின் எந்த உறுப்பின் மீது எது பாரம் ஏற்றியது என்று பார்த்தால்தான் இரண்டும் புரியும்.

பிறந்த இடம்

ரியல் ஆடியோ அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தது. மைக்ரோசாஃப்ட்டிலிருந்து வெளியேறிய ராப் கிளேசர் தொடங்கிய புரோகிரெசிவ் நெட்வொர்க்ஸ் 1995 ஏப்ரலில் அதை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரினர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகள் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தை அதன் வழியே நேரடியாக ஒலிபரப்பினார்கள். அதன் பிறவிக்குணம் வானொலியினுடையது.

எம்பி3 ஜெர்மனியின் எர்லாங்கனில், ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் போன்றவர்களின் நெடுநாள் உழைப்பில் உருவானது. நம் காது எதைக் கவனிக்காதோ அதைக் கழித்துவிட்டு மீதியைச் சேமிப்பது அதன் உத்தி. ‘எம்பி3’ என்ற கோப்புப் பின்னொட்டு 1995 ஜூலையில் முடிவானது. இதன் பிறவிக்குணம் கேசட்டினுடையது: வாங்கி வை, வேண்டும்போது போடு.

தொலைபேசிக் கம்பி

நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 28.8 மோடத்துக்கென வந்த ரியல் ஆடியோ ஓடை (ஸ்ட்ரீம்) நொடிக்குச் சுமார் 20 கிலோபிட். மொத்தம் 600 கிலோபைட். 128 கிலோபிட் எம்பி3-யில் அதே பாட்டு 3.8 மெகாபைட். கம்பி முழு வேகத்தில் இருந்தாலும் 18 நிமிடம் பிடிக்கும். நடைமுறையில் அரைமணி ஆனாலும் வியப்பில்லை.

அப்படியானால் கம்பிக்கு எம்பி3-தான் பெரிய சுமையா? அளவில் ஆம். ஆனால் எம்பி3-க்கு அவசரம் கிடையாது. கம்பி ஒரு நிமிடம் திணறினால் இறக்கம் ஒரு நிமிடம் தாமதமாகும், அவ்வளவே. இணைப்பு அறுந்தால்கூட விட்ட இடத்திலிருந்து தொடர கெட்ரைட் போன்ற மென்பொருள்கள் இருந்தன. ரியல் ஆடியோவுக்குத் தேவைப்படும் அளவு குறைவு; ஆனால் அந்தந்த நொடிக்கு உரியது அந்தந்த நொடியே வந்தாக வேண்டும். சில நொடிகளுக்கான ஒலியை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டுதான் பாடத் தொடங்கும். அந்தக் கையிருப்பும் தீர்ந்தால் பாட்டு நின்றுவிடும்.

இங்கே பழைய கணினியில் ஒளிந்திருந்த சிக்கல் ஒன்று உண்டு. வெளி மோடம் இணைந்திருக்கும் சீரியல் போர்ட்டில் 8250 அல்லது 16450 சில்லு இருந்தால், அது ஒரே ஒரு பைட்டைத்தான் பிடித்து வைத்திருக்கும். நொடிக்கு 3,000 பைட்டுக்கு மேல் வரும்போது ஒவ்வொன்றுக்கும் செயலியைக் கூப்பிடும். செயலி சற்று அசந்தால் அந்த பைட் போய்விடும். 16550ஏ சில்லு 16 பைட் வரை தாங்கும். விண்டோஸ் 95-இல் மோடம் பகுதியின் சோதனைப் பக்கத்தில் எந்தச் சில்லு என்று பார்க்கலாம். எம்பி3 இறக்குபவருக்கு இந்தக் கோளாறு தாமதமாக மட்டுமே தெரியும். ரியல் ஆடியோ கேட்பவருக்குப் பாட்டிலேயே ஓட்டை விழும்.

செயலி

செயலிக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ரியல் ஆடியோவின் முதல் பதிப்பு நொடிக்கு 8,000 மாதிரிகளே கொண்ட ஒற்றைத் தட ஒலி. 486-க்கு அது எளிது. அதற்கான விலையைக் காது கொடுத்தது: 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் வராது. பேச்சு தெளிவாக இருக்கும்; ஜால்ராவின் கலகலப்பு மங்கிப்போகும்.

எம்பி3 நொடிக்கு 44,100 மாதிரிகளை, அதுவும் இரண்டு தடத்துக்கு, திரும்பக் கட்டியாக வேண்டும். நொடிக்குச் சுமார் 38 சட்டகங்கள், அதாவது ஒலித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் கட்டுக்கட்டாகப் பெருக்கல்கள். தசமக் கணக்குக்கான தனிப்பகுதியே இல்லாத 486எஸ்எக்ஸில் பேச்சுக்கே இடமில்லை. 66 மெகாஹெர்ட்ஸ் 486 ஆன டிஎக்ஸ்2-66-இல் முழுத் தரத்தில் போட்டால் பாட்டு விக்கும். பென்டியம் 100 இருந்தால் கவலை இல்லை. இல்லாதவர்கள் ஸ்டீரியோவை விட்டு மோனோவுக்கு மாறி, தரத்தைப் பாதியாகவோ காலாகவோ குறைத்துக்கொண்டார்கள். 1997-இல் வந்த வின்ஆம்ப்பில் துள்ளும் அலைக்கோடுகளை அணைத்துவிடுவதும் இதே சிக்கனம்தான்.

ஹார்டு டிஸ்க்

540 மெகாபைட் டிஸ்க்கில் விண்டோஸும் மற்றவையும் போக 200 மெகாபைட் மிஞ்சினால் எம்பி3 பாட்டுகள் ஐம்பதுதான் அடங்கும். ரியல் ஆடியோ ஓடை டிஸ்க்கில் தங்காது. இதை அறியாமல் ஏமாந்தவர்கள் உண்டு. இணையப் பக்கத்தில் பாட்டை இறக்கினால் ‘.ராம்’ என்று முடியும் கோப்பு ஒன்று நொடியில் வந்துவிடும். மகிழ்ச்சியோடு சேமித்து, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போட்டால் பாடாது. உள்ளே இருப்பது பாட்டு இருக்கும் முகவரி, ஒரே ஒரு வரி.

இன்று

ஆகவே அன்றைய ஆலோசனை எளிது. செயலி மெலிந்தது, கம்பி நிலையானது என்றால் ரியல் ஆடியோ. கம்பி அடிக்கடி அறும், செயலி தாங்கும் என்றால் எம்பி3. பிறகு இரண்டு குணமும் ஒன்று சேர்ந்தன. வின்ஆம்ப்பை உருவாக்கியவர்களே எம்பி3-யை ஓடையாக அனுப்பும் ஷவுட்காஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று பரணிலிருந்து விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இறக்குபவருக்குப் பாட்டை அவிழ்ப்பது சிரமமே இல்லை. அதன் பழைய உலாவியால் இன்றைய பாதுகாப்பான தளங்களைத் திறக்க முடியாததே தடை. பாரம் மறுபடியும் இடம் மாறியிருக்கிறது.

அந்த 486-இன் டிஸ்க்கிலிருந்து எடுத்த எம்பி3 கோப்பு இன்று எந்தக் கைபேசியிலும் பாடும். பக்கத்தில் கிடக்கும் ‘.ராம்’ கோப்பும் கெடவில்லை. திறந்தால், எப்போதோ மூடிவிட்ட ஒரு தளத்தின் முகவரியை எழுத்துப் பிசகாமல் காட்டும்.