பெருவிரலும் பென்ஷனும்

நவம்பர் மாதம் பிறந்தால் என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு ஒரு வேலை உண்டு: இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிப்பது. சின்னக் கண்ணாடியில் பெருவிரலை வைத்தால் போதும் என்கிறார்கள். இதைக் கணினி காலத்துப் புதுமை என்று நினைத்துவிட வேண்டாம்.

1858-ல் வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத் தாளில் வாங்கினார். பிறகு 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பென்ஷன் வாங்குவோரிடமும் விரல் ரேகை வாங்கச் செய்தார். செத்தவர் பெயரில் இன்னொருவர் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆக, நமக்கு முன்னோடிகள் அந்த ஹூக்ளி பென்ஷன்காரர்கள்.

ரேகை வாங்குவது எளிது. தேடி எடுப்பதுதான் கடினம். 1890-களில் கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் பத்து விரல் ரேகைகளையும் 1,024 பிரிவுகளாக வகுக்க வழி கண்டார்கள். பாரிஸில் பெர்த்தியோனோ உடல் அளவுகளை வைத்தே அட்டைகளை அடுக்கியிருந்தார். 1911-ல் மோனாலிசா ஓவியம் திருடு போனது. திருடனின் விரல் பதிவு கண்ணாடியில் இருந்தது. அவன் ஏற்கெனவே போலீஸில் சிக்கியவன்தான். இருந்தும் அந்தப் பதிவை வைத்து அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அலமாரி சரியில்லை என்றால் ரேகை இருந்தும் பயனில்லை.

இன்று அந்த அலமாரி கண்காணாத இடத்துக்குப் போய்விட்டது. தகவலைத் தொலைதூரக் கணினிகளில் வைத்து, வேண்டும்போது வலை வழியே கேட்டுப் பெறுவதைத்தான் கிளவுட் என்கிறார்கள். முதல் ஆதார் எண் 2010-ல் தரப்பட்டது. 2014 நவம்பரில் பென்ஷன்காரர்களுக்கு ஜீவன் பிரமாண் வந்தது. நம் விரல் ரேகையும் 12 இலக்க எண்ணும் ஆதார் ஆணையத்தின் கணினி மையத்துக்குப் போகின்றன. அங்கிருந்து ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வருகிறது.

ஹூக்ளி குமாஸ்தாவுக்கு ஒரு வசதி இருந்தது. மை கலங்கியிருந்தால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். இயந்திரத்துக்கு அந்தச் சந்தேகமும் இல்லை, தாட்சண்யமும் இல்லை. வயதானால் ரேகை தேய்கிறது. ஒரு வருஷம் என் விரலை மூன்று முறை மறுத்தது. பல வருஷம் என்னை அறிந்த ஊழியர், “சர்வர் ஒத்துக்கலையே சார்” என்றார். நானும் குமாஸ்தாவாக இருந்தவன். அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது.

நண்பர்களே, விரல் ஏற்கவில்லை என்றால் மனம் தளர்ந்து வீடு திரும்பாதீர்கள். கருவிழியால் காட்டலாம். 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம். அதிகாரி கையெழுத்திடும் பழைய காகிதச் சான்றும் இன்னும் செல்லும். உயிரோடு இருப்பவரை இல்லை என்று சொல்ல எந்த அலமாரிக்கும் உரிமையில்லை.