ஏதுப்போலி

காரணம் போலத் தோன்றி, முடிவை நிறுவத் தவறும் காரணம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு இதை விளக்குகிறார். அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்று வகை, உட்பிரிவுகள் 14. ‘ஒலி அழியக்கூடியது, கண்ணுக்குத் தெரிவதால்’ என்பது அசித்தம்: ஒலி கண்ணுக்குத் தெரியும் என்பதை வாதிடும் இருவருமே ஏற்கமாட்டார்கள். விருத்தம், சொன்னதற்கு நேரெதிரானதையே நிறுவிவிடும்.

அன்றாடப் பேச்சில் அதிகம் ஏமாற்றுவது அநைகாந்திகம்தான். ‘அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார், ஆகவே லேத் ஓட்டத் தெரியும்’ என்றால், அங்கே கணக்கெழுதுபவரும் காவலாளியும் மென்பொருள் எழுதுபவரும் உண்டே! காரணம் உண்மைதான், ஆனால் லேத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அது பொது. வடமொழித் தருக்க நூலான நியாயப்பிரவேசத்தோடு நெருங்கிய ஒப்புமை கொண்ட இந்த மணிமேகலைக் காதை, தமிழில் கிடைக்கும் மிகப் பழைய தருக்க விளக்கங்களுள் ஒன்று.