ஆங்கில நகரங்களின் அன்றாட வாழ்வைப் படம் பிடித்த மூவர்



இங்கிலாந்து என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் காட்சிகள் பெரும்பாலும் லண்டனைச் சேர்ந்தவை. அரண்மனை, மணிக்கூட்டுக் கோபுரம், தேம்ஸ் நதிப் பாலம் என்று பாடப்புத்தகங்களும் தபாலட்டைகளும் நமக்குத் தந்த காட்சிகள் அவை. அந்நாட்டின் ஏனைய நகரங்களில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களையும் பஞ்சாலைகளில் உழைத்தவர்களையும் காட்டும் வேறொரு படத்தொகுதியும் உண்டு. அதற்குப் பங்களித்த மூவரைப் பற்றி இன்று பார்ப்போம். மூவரும் வெவ்வேறு காலத்தவர். வெவ்வேறு நகரங்களில் இயங்கியவர்கள். கமராவின் முன்னால் நின்ற மனிதரோடு அவர்கள் வைத்திருந்த உறவும் மூன்று விதமானது. ஒருவருடைய வாழ்க்கையை இன்னொருவர் படமாக்கும்போது, படத்தில் இருப்பவருக்கு அதில் என்ன உரிமை? இவர்களது பணி எழுப்பும் கேள்வி இதுதான்.

புகைப்படக் கலை பிறந்த நாடுகளுள் இங்கிலாந்தும் ஒன்று. வில்ட்ஷயரில் லேகொக் என்ற ஊரில் வசித்த வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டோல்பட், 1835ஆம் ஆண்டில் தமது வீட்டு யன்னலின் உருவைக் கடதாசியில் பதித்தார். அக்காலத்து முறையில் உரு பதிவதற்கு நேரம் பிடித்தது. யன்னல் அசையாமல் நிற்கும். மனிதர் அப்படி நிற்பதில்லை. எனவே நடமாடும் வாழ்க்கை படத்துக்குள் வரப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலாமவர் பிராங் மெடோ சட்கிளிஃப் (1853-1941). யோர்க்ஷயர் கரையோரத்தில் உள்ள மீன்பிடி நகரமான விட்பியில் இவர் ஸ்டூடியோ நடத்தினார். கோடை விடுமுறைக்கு வரும் வசதி படைத்தவர்களின் உருவப்படங்களை எடுப்பதே இவரது சீவனோபாயம். ஆனால் இவரது பெயரை நிலைக்கச் செய்தவை அந்தப் படங்கள் அல்ல. துறைமுகச் சுவரில் சாய்ந்து கதைபேசும் கிழவர்கள், தூண்டிலில் இரை கோக்கும் பெண்கள், மீன்கூடை சுமப்போர் ஆகியோரை எடுத்த படங்களே இவரை இன்றும் பேச வைக்கின்றன.

பாரமான மரக் கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து சென்று, முக்காலியில் நிறுத்திப் படமெடுத்த காலம் அது. ஒளிந்திருந்து எடுக்க வழியில்லை. மீனவரிடம் கேட்கவேண்டும், அவரும் மனமுவந்து சற்று நேரம் அசையாமல் நிற்கவேண்டும். சட்கிளிஃப் அந்த ஊரிலேயே வாழ்ந்தவர். உள்ளூர்ச் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகளை மணந்தவர். ஆகவே அந்த முகங்களில் அந்நியனைக் கண்ட மிரட்சி இல்லை.

1886இல் படகைச் சுற்றி நிர்வாணமாகக் குளித்து விளையாடும் சிறுவர்களை இவர் படமெடுத்தார். ‘நீர் எலிகள்’ என்பது அதன் பெயர். உள்ளூர் மதகுருமார் அதனைக் கண்டித்தனர். பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசரோ அதன் பெரிய பிரதியொன்றை வாங்கினார். ஒரே படம் ஒருவருக்கு ஒழுக்கக்கேடாகவும் மற்றவருக்குக் கலையாகவும் தெரிந்தது. அந்தச் சிறுவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது நகரம் அன்று லங்காஷயரில் இருந்த பொல்டன். பஞ்சாலைப் புகைபோக்கிகள் நிறைந்த தொழிலாளர் நகரம். 1937இல் ரொம் ஹரிஸன், சார்ள்ஸ் மட்ஜ், ஹம்ப்ரி ஜெனிங்ஸ் ஆகிய மூவரும் ‘மாஸ் ஒப்சர்வேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். சாதாரண மக்களின் அன்றாட நடத்தையை அவதானித்துப் பதிவதே அதன் நோக்கம். வாகன சாரதிகளின் கையசைவுகள் முதல், போர் நினைவுச் சின்னங்களின் முன் மக்கள் நடந்துகொள்ளும் விதம் வரை எல்லாமே அவர்களுக்கு ஆய்வுப் பொருள்தான்.

ஹரிஸன் பசுபிக் தீவான மலேகுலாவில் பழங்குடி மக்களிடையே வாழ்ந்து திரும்பியவர். அதே மானிடவியற் பார்வையைச் சொந்த நாட்டின்மீது திருப்பினார். பொல்டனைத் தேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணம் சுவையானது. அத்தீவு மக்களின் வாழ்விலும் கை வைத்திருந்த மேற்குலக வணிக நிறுவனம் யூனிலீவர். நாமெல்லாம் அறிந்த சன்லைட் சவர்க்காரத்தைத் தந்த வில்லியம் லீவர் 1851இல் பிறந்தது பொல்டனில்தான்!

அதுவரை காலனி நாட்டு மக்களே இவ்விதம் படமெடுக்கப்பட்டு வந்தனர். நமது மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்களும் அந்தக் காலத் தபாலட்டைகளில் பெயரின்றியே நிற்கிறார்கள். இப்போது ஆங்கிலத் தொழிலாளியின் முறை வந்தது.

படமெடுக்கும் பொறுப்பு ஹம்ப்ரி ஸ்பென்டரிடம் (1910-2005) வந்தது. கவிஞர் ஸ்டீபன் ஸ்பென்டரின் சகோதரர் இவர். கட்டடக் கலை பயின்றவர், பத்திரிகைப் புகைப்படக்காரர். 1937, 1938ஆம் ஆண்டுகளில் சிறிய லைக்கா கமராவை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு பொல்டன் தெருக்களில் அலைந்தார். தவறணைகள், மரண ஊர்வலங்கள், தேர்தல் வேலைகள், தெருவுக்குக் குறுக்கே கட்டிய கொடிகளில் உலரும் துணிகள், வெற்றுக் காணிகளில் விளையாடும் பிள்ளைகள் என எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. அவற்றில் எவரும் கமராவுக்காக முகத்தைச் சரிசெய்து கொள்ளவில்லை. அதுவே அவற்றின் பலம்.

ஆனால் அந்தப் பலத்துக்கு ஒரு விலை இருந்தது. ஸ்பென்டர் வசதியான குடும்பத்தவர். அவரது பேச்சு வழக்கே அவரை அந்நியராகக் காட்டிக் கொடுத்தது. மறைந்து நின்று ஏழைகளின் வாழ்வை எடுப்பது தமக்குக் கூச்சத்தைத் தந்ததைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொன்னார். அந்தப் படங்களிற் பெரும்பாலானவை நீண்ட காலம் அச்சேறவில்லை. ‘வேர்க்டவுன் பீப்பிள்’ என்ற நூல் 1982இல்தான் வெளிவந்தது.

மூன்றாமவர் ஒரு பெண், ஆங்கிலேயரும் அல்லர். பின்லாந்தில் 1948இல் பிறந்த சிர்க்கா லீசா கொன்டினன், அம்பர் என்ற திரைப்பட, புகைப்படக் கலைஞர் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1969இல் நியூகாஸிலுக்கு வந்து பைக்கர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் தங்கினார். ஆற்றை நோக்கிச் சரியும் செங்கல் வீட்டு வரிசைகள் அங்கே இருந்தன. அவற்றை இடித்துப் புதுக்குடியிருப்பு அமைக்கும் திட்டம் அப்போதே தயாராகியிருந்தது.

கொன்டினன் ஒளிந்து நிற்கவில்லை. அயலவராகவே வாழ்ந்தார். கைவிடப்பட்ட சிகையலங்காரக் கடையொன்றை ஸ்டூடியோவாக்கி, வந்தவர்களைப் படமெடுத்தார். இடிபாட்டு வீடொன்றில் பியானோ வாசிக்கும் சிறுமியின் படம் அவரது படங்களுள் புகழ்பெற்றது. கடைசியில் அவர் குடியிருந்த வீடும் இடிக்கப்பட்டது. புதிய கட்டடங்கள் எழுந்தபோது பழைய அயலவர்களில் ஒரு சிறு பகுதியினரே அங்கு மீண்டும் குடியேறினர். தெரு போனதோடு உறவும் சிதறியது. 1983இல் வெளிவந்த ‘பைக்கர்’ நூல் அந்த உறவின் சாட்சியம். இப்பணியும் அம்பர் குழுவின் திரைப்படங்களும் 2011இல் யுனெஸ்கோவின் பிரித்தானிய நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் கொன்டினன் பைக்கருக்கு மீண்டும் சென்றார். இப்போது அங்கே அகதிகளாக வந்தவர்களும் குடியிருந்தனர். இம்முறை வர்ணப் படங்கள். எப்படித் தோன்றவேண்டும், எதனோடு தோன்றவேண்டும் என்பதை வீட்டாருடன் கலந்து பேசியே எடுத்தார்.

இம்மூவரில் எவருடைய வழி சிறந்தது? கேட்டு எடுத்தால் முகம் சற்று இறுகும். கேளாமல் எடுத்தால் உண்மை கிடைக்கும், ஆனால் அது கடன்பட்ட உண்மை. ஸ்பென்டர் கேளாமல் எடுத்த படங்கள் இப்போது பொல்டன் நூதனசாலையில் இருக்கின்றன. அவை அந்த ஊரவர் சென்று பார்க்கக்கூடிய ஊர்ச்சொத்து. எடுத்தது எங்கே திரும்பிப் போகிறது என்பதைப் பொறுத்தே அந்தக் கடன் அடைகிறது எனலாம். மீனவரும் பஞ்சாலைத் தொழிலாளரும் தங்கள் வரலாற்றை எழுதி வைக்க நேரம் வாய்க்காதவர்கள். அவர்களுக்காக எழுதியது கமரா. எழுதப்பட்டவர்கள் கையில் அது சேரும்போதுதான் அந்த வரலாறு முழுமை பெறுகிறது.