கவனக்குறைவு: சிவகாசியிலிருந்து ஒரு சொல்லின் வரலாறு

இந்த எபிசோட் ஒரே ஒரு சொல்லைப் பத்தினது. கவனக்குறைவு.

உங்களுக்கு 24 வயசுன்னு வச்சுக்குவோம். சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை. ஒரு மனநல மருத்துவர் மூணு நாலு தடவை பேசிப் பாத்துட்டு, "உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு"ன்னு சொல்றாங்க. வீட்டுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தமிழ்ல தேடிப் பாக்கறீங்க. "கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் கோளாறு"ன்னு வருது. படிச்சதும் ஒரு மாதிரி ஆகுது. ஏன்னா அந்த முதல் சொல் மருத்துவச் சொல் மாதிரியே கேக்கல. பதினஞ்சு வருஷமா ஸ்கூல்ல கேட்ட திட்டு மாதிரி கேக்குது.

அதுலயும் சொந்த ஊர் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம்னா அந்தச் சொல்லுக்கு இன்னொரு கனம் உண்டு. ஒவ்வொரு பட்டாசு ஆலை விபத்துக்கு அப்புறமும் செய்தியில வர்ற சொல் அது. வழக்குப் பதிவுல வர்ற சொல்லும் அதுதான்.

ஒரே சொல் ரேங்க் கார்டுலயும் எஃப்.ஐ.ஆர்லயும் மருந்துச் சீட்டுலயும் எப்படி வந்துச்சு? அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

குச்சியும் சட்டமும்

1920களின் தொடக்கத்துல அய்ய நாடார், சண்முக நாடார்னு சிவகாசிக்காரங்க ரெண்டு பேர் கல்கத்தா போறாங்க. அங்க தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்து ஊர்ல தொழில் தொடங்கறாங்க. மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, விவசாயம் கைகொடுக்காத கரிசல் பூமி. மருந்து காயறதுக்கும் குச்சி காயறதுக்கும் அந்த வெயில் வசதியாப் போச்சு. அதுல இருந்து பட்டாசு வந்தது, லேபிள் அடிக்கணும்னு அச்சகம் வந்தது, அச்சகத்துல இருந்து காலண்டர் வந்தது. இந்த ஊருக்குக் குட்டி ஜப்பான்னு பேர் வந்த கதை உங்களுக்கே தெரியும்.

ஆனா இந்தத் தொழில் மெஷின்ல வளரல, கையில வளர்ந்தது. மும்பை பக்கம் விம்கோ மாதிரி மெஷின் வச்ச பெரிய கம்பெனியோட போட்டி போடணும்னா விலை குறையணும். விலை குறையணும்னா கூலி குறையணும். ஊர்ல "தீப்பெட்டி ஆபீஸ்"னு சொல்லுவாங்க, "பட்டாசு ஆபீஸ்"னு சொல்லுவாங்க. பேருதான் ஆபீஸ், வேலை தரையில உக்காந்து.

அதுல ஒரு வேலை கட்டை அடுக்கறது. பள்ளம் பள்ளமா இருக்கற மரச் சட்டம். ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒரு குச்சி வைக்கணும், நுனியெல்லாம் ஒரே மட்டத்துல நிக்கணும். அப்பதான் மருந்துல முக்கும்போது எல்லாக் குச்சிக்கும் சமமா ஒட்டும். ஒரு சட்டம் முடிஞ்சா அடுத்த சட்டம். எத்தனை சட்டமோ அத்தனை காசு. மணிக்கணக்கு, மாசச் சம்பளம் எதுவும் கிடையாது.

இந்த வேலையில பல ஆயிரம் குழந்தைங்க இருந்தாங்க. சுத்துப்பட்டு கிராமங்களுக்கு விடியறதுக்கு முன்னாடியே பஸ் வரும், தூக்கக் கலக்கத்துலயே ஏத்திட்டுப் போகும். சின்ன விரலுக்குத்தான் இந்த வேலை வேகமா வரும்னு ஒரு நியாயமும் சொன்னாங்க. 1983ல ஸ்மிது கோத்தாரி எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில எழுதின கட்டுரைக்கு அப்புறம் நாடு முழுக்க இது பேச்சாச்சு. எம்.சி. மேத்தாவும் உச்ச நீதிமன்றம் போனார்.

இப்ப ஒரு கேள்வி. அந்த வரிசையில உக்காந்திருந்த ஒரு பத்து வயசுக் குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? கை பாதியில நிக்கும். கண்ணு வாசலுக்குப் போகும். பக்கத்துப் பிள்ளை எட்டுச் சட்டம் முடிக்கும்போது இது அஞ்சு முடிச்சிருக்கும். யாரும் அதை நோயின்னு சொல்லியிருக்க மாட்டாங்க. சாயங்காலம் கூலி கொஞ்சம் குறையும், வீட்டுல திட்டு விழும். அந்தத் திட்டுல இருக்கற சொல்லும் நமக்குத் தெரிஞ்சதுதான்: சோம்பேறி.

அதே வருஷங்கள்ல வேற ஒரு இடத்துல

இப்ப கடல் தாண்டிப் போவோம். 1798ல அலெக்சாண்டர் கிரைட்டன்ங்கற ஸ்காட்லாந்து மருத்துவர், ஒரு விஷயத்துல மனசை நிறுத்த முடியாத நிலையைப் பத்தி எழுதறார். 1902ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்ங்கற குழந்தை மருத்துவர், அறிவு நல்லா இருந்தும் தன்னைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைங்களைப் பத்தி உரை நிகழ்த்தறார். அந்தக் காலத்து வழக்கப்படி அதை ஒழுக்கம் சம்பந்தப்பட்ட குறையாத்தான் பாத்தார்.

அது ஏன் 1902ல நடந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. இங்கிலாந்துல பள்ளிக்கூடம் கட்டாயமானது 1880ல. ஆலையிலயும் தெருவுலயும் இருந்த குழந்தைங்க எல்லாரும் முதல் தடவையா பெஞ்சுல வரிசையா உக்காந்தாங்க. எல்லாரும் உக்காரும்போதுதான் உக்கார முடியாத குழந்தை கண்ணுக்குத் தெரியும். ஏ.டி.எச்.டி.யைப் பள்ளிக்கூடம் உண்டாக்கல. இது மூளை வளர்ற விதத்துல இருக்கற வித்தியாசம், பரம்பரையோட பங்கு இதுல ரொம்ப அதிகம். ஆனா அதைக் கவனிச்சுப் பேர் வைக்க, குழந்தையைப் பாக்க ஒரு ஆளும் இடமும் வேணும்.

1937ல அமெரிக்காவுல சார்லஸ் பிராட்லி தலைவலிக்காகக் கொடுத்துப் பாத்த பென்செட்ரின்ங்கற மருந்து, தலைவலியைக் குறைக்கல. ஆனா சில குழந்தைங்க படிப்புல திடீர்னு நிலைச்சு உக்காந்தாங்க. குழந்தைங்களே அதுக்குக் கணக்கு மாத்திரைன்னு பேர் வச்சாங்களாம். 1944ல சீபா கம்பெனியில லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட்டைத் தயாரிச்சார். ரிட்டலின்ங்கற பேர் அவரோட மனைவி ரீட்டாவோட பேர்ல இருந்து வந்தது.

அப்புறம் பேர்கள் மாறுது. அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல 1968ல இது துறுதுறுப்பு நோய். 1980ல கவனம் முக்கியமாகுது, துறுதுறுப்பு இல்லாமலும் இருக்கலாம்னு ஒத்துக்கறாங்க. 1987ல ஏ.டி.எச்.டி.ங்கற பேர் வருது.

இந்த வருஷங்களை விருதுநகர் பக்கத்துல வச்சுப் பாருங்க. 1985ல மாவட்டம் பிறக்குது. 1986ல குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வருது, தடை செஞ்ச வேலைகள்ல தீப்பெட்டியும் பட்டாசும் இருக்கு. அடுத்த ரெண்டு வருஷத்துல மத்திய அரசோட சிறப்புப் பள்ளித் திட்டம் தொடங்குது. 1996 டிசம்பர் 10ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுது: ஆபத்தான வேலையில வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும், அந்தப் பணம் குழந்தையோட நலனுக்குப் போகணும்.

அங்க ஒரு குழந்தை ஏன் வகுப்புல உக்கார மாட்டேங்குதுன்னு பேர் தேடிட்டு இருந்தாங்க. இங்க அந்தக் குழந்தையை வகுப்புக்குக் கொண்டு வரவே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

உங்க அம்மாகிட்ட கேக்கற கேள்வி

இதெல்லாம் பழைய கதைன்னு தோணலாம். இல்ல. பெரியவங்களுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு உறுதி செய்யணும்னா, 2013ல வந்த டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்புப்படி, சில அறிகுறிகளாவது 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும். அதனால டாக்டர் கேப்பாங்க: "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க? வீட்டுல பெரியவங்ககிட்ட பேசலாமா?"

நீங்க அம்மாவுக்குப் போன் போடறீங்க. அம்மா 1970கள்ல பிறந்தவங்க. அவங்களோட பத்து வயசு கட்டை அடுக்கறதுல போயிருக்கலாம். அவங்க சொல்றது இதுதான்: "உனக்கென்ன, நல்லாத்தான் இருந்த. கொஞ்சம் சேட்டை. நாங்கல்லாம் அந்த வயசுல வேலைக்குப் போனோம்." அவங்க பொய் சொல்லல. ஸ்கூலுக்குப் போய், சாப்பிட்டு, விளையாடின பிள்ளை அவங்க கணக்குல பிரச்சனையே இல்லாத பிள்ளை.

இன்னொண்ணும் நடக்கலாம். நீங்க அறிகுறிகளை ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "நானும் அப்படித்தான் இருந்தேன்." பரம்பரையோட பங்கு அதிகம்னு முன்னாடி சொன்னேன்ல? உங்களுக்குக் கிடைச்ச பேர், அவங்களுக்குக் கிடைக்காமப் போன பேரா இருக்கலாம்.

அதனால "எனக்கு கவனக்குறைவு இருந்துச்சா?"ன்னு கேக்காதீங்க. குறிப்பாக் கேளுங்க. டிபன் பாக்ஸை எத்தனை தடவை தொலைச்சேன்? வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்துலயே யாராவது உக்காரணுமா? சொல்லி முடிக்கறதுக்குள்ள ஓடிடுவேனா? பழைய ரேங்க் கார்டு இருந்தா எடுத்து வைக்கச் சொல்லுங்க. ஆசிரியர் குறிப்புல "நல்லா படிக்கக்கூடியவன், ஆனா..."ன்னு ஒரு வரி இருக்கும்.

இந்த மாவட்டம் பல வருஷம் பிளஸ் டூ தேர்ச்சியில மாநிலத்துலயே முதல்ல வந்த மாவட்டம். ஒரு காலத்துல பிடியரிசி சேத்துப் பள்ளிக்கூடம் நடத்தின ஊர். அந்தப் பெருமை நியாயமானது. ஆனா ஸ்பெஷல் கிளாஸ், தினசரி டெஸ்ட், காலையில எழுப்பி விடற வீடுன்னு சுத்தி எல்லாரும் தாங்கிப் பிடிக்கும்போது ஒரு பிள்ளையோட தடுமாற்றம் வெளிய தெரியாது. மார்க் வந்துடும். தனியா வேற ஊருக்குப் போய், தன் நாளைத் தானே அடுக்க வேண்டியிருக்கும்போதுதான் குச்சியெல்லாம் சரியும். பெரியவங்களான பிறகு நிறையப் பேர் டாக்டர்கிட்ட போறதுக்கு இது ஒரு காரணம்.

யாரோட கவனக்குறைவு?

இப்ப விபத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர் இறந்தாங்க, உதவிக்கு ஓடினவங்களும் அதுல இருந்தாங்க. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல. பெரிய விபத்துக்கு அப்புறம் விசாரணையில திரும்பத் திரும்ப வெளிவர்றது என்ன? அனுமதிச்சதுக்கு மேல ஆள், அனுமதிச்சதுக்கு மேல மருந்து, லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்க வேற ஆளுக்குக் குத்தகை, தீபாவளி அவசரம். ஒரு கை உராய்ஞ்சதுல தீப்பொறி வந்திருக்கலாம். அந்த ஒரு பொறி இத்தனை பேரைக் கொல்ற மாதிரி அந்த இடத்தை வச்சிருந்தது அந்தக் கை இல்ல.

சட்டத்துல கவனக்குறைவுன்னா, எடுக்க வேண்டிய ஜாக்கிரதையை எடுக்காம விட்டது. வெடிபொருளுக்குன்னே பழைய தண்டனைச் சட்டத்துல 286ஆவது பிரிவு இருந்தது, இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 288. அது கடமையைப் பத்தின சொல். மருத்துவத்துல அதே சொல்லுக்கு அர்த்தம் வேற. ஏ.டி.எச்.டி. இருக்கறவங்களுக்குக் கவனம் இல்லாம இல்ல. பிடிச்ச விஷயத்துல ராத்திரி முழுக்க உக்காருவாங்க. வேண்டிய நேரத்துல, வேண்டிய பக்கம் அதைத் திருப்பறதுதான் கஷ்டம். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சதால, நோயைச் சொல்லும்போதே குற்றமும் சேந்து கேக்குது.

ஆனா விபத்துகள்ல இருந்து ஒரு நல்ல பாடமும் உண்டு. பாதுகாப்பு விதிகள் "கவனமா இரு"ன்னு சொல்றதோட நிக்கல. ஒரு அறையில எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளின்னு இடத்தையே மாத்தச் சொல்லுது. மனுஷன் கவனம் தவறும்ங்கறதை முதல்லயே ஒத்துக்கிட்டு எழுதின விதிகள் அவை.

உங்க வாழ்க்கைக்கும் அதேதான். "இனிமே கவனமா இருப்பேன்"னு சத்தியம் பண்றதை விட்டுட்டு, அறையை மாத்துங்க. சாவிக்கு ஒரே ஒரு ஆணி. மாசாமாசம் கட்ட வேண்டியதெல்லாம் தானாப் போற மாதிரி வங்கியில ஏற்பாடு. பெரிய வேலையைச் சின்னச் சின்னச் சட்டமாப் பிரிச்சு, நேரம் வச்சு. பக்கத்துல ஒரு நண்பர் தன் வேலையைப் பாத்துட்டு உக்காந்தா நிறையப் பேருக்கு வேலை ஓடுது. மருந்து பலருக்கு நல்லா உதவுது. மெத்தில்ஃபெனிடேட்டும் இருக்கு, அட்டமாக்ஸெடினும் இருக்கு. ரெண்டுமே மருத்துவர் ரத்த அழுத்தம் பாத்து, அளவு பாத்துக் கொடுக்க வேண்டியது. நண்பரோட மாத்திரையை வாங்கிப் போட்டுப் பாக்காதீங்க.

இன்னொரு விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 21 வகைப் பட்டியல்ல ஏ.டி.எச்.டி. தனியா இல்ல. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கு. அதனால ஆபீஸ்ல சலுகை கேக்கறதுக்கு நேரடியா ஒரு சான்றிதழைக் காட்ட முடியாது, பேசித்தான் வாங்கணும். ஊர்ல இருக்கறவங்களுக்கு: விருதுநகர்ல 2022 ஜனவரியில அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்காங்க. எங்க போறதுன்னே தெரியலன்னா 14416, டெலி மானஸ். இலவசம், தமிழ்ல பேசலாம்.

கடைசியா அந்தச் சொல். வீட்டுல சொல்லும்போது "கவனக்குறைவு"ன்னு ஆரம்பிக்கணும்னு கட்டாயம் இல்ல. "என் கவனம் நான் சொன்ன இடத்துல நிக்க மாட்டேங்குது, சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், இதுக்கு ஒரு பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. சட்டம் சட்டமா அடுக்கின கைகளுக்கு அது புரியும். புரிய ஒரு வாரம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். சொல்லி வையுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.