பள்ளித் தாதி பிறந்த கதை

ஆசிரியர் ஒருநாள் "வீட்டிற்குப் போ" என்று சொல்லிவிட்டால், எதிர்பாராத விடுமுறை கிடைத்ததென்று துள்ளிக் குதிப்பவர் நம்மில் உண்டு. ஆனால் பள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் "வீட்டிற்குப் போ" என்ற ஒரே சொல்லைக் கேட்டுத் திரும்பிய சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு வயது பன்னிரண்டு. தெரு விளக்குக் கம்பங்களில் எழுதியிருந்த தெருப் பெயர்களைக்கூட அவனால் படிக்க இயலவில்லை. அவன் செய்த குற்றம் யாது? அவன் தலையில் புண் இருந்தது. அவ்வளவே.

அச்சிறுவன் வாழ்ந்தது நியூயார்க் நகரின் லோயர் ஈஸ்ட் சைடு என்னும் பகுதி. ருஷியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே அடுக்கு வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்தன. 1893ஆம் ஆண்டில் லில்லியன் வால்டு என்னும் இளம் தாதி, மேரி புரூஸ்டர் என்னும் தோழியுடன் அப்பகுதியிலேயே குடியேறினார். நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே சென்று கவனிப்பது அவர்கள் மேற்கொண்ட பணி. அச்சிறுவனின் தாய், ஒரு கையில் அழும் குழந்தையை ஏந்தி, மறு கையால் பிறருடைய துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தபோது வால்டு அம்மையார் அவளைக் கண்டார். மருந்தகத்தில் களிம்பு கொடுத்திருந்தார்கள். அதனை முறையாகப் பூசத்தான் ஆளில்லை. அம்மையார் அதைச் செய்தார், புண் ஆறிற்று. செப்டம்பர் மாதத்தில் சிறுவன் பள்ளியில் சேர்ந்தான். மறுநாள் நண்பகல் இடைவேளையில், அன்று காலை கற்ற எளிய சொற்களை எழுத்துக்கூட்டிக் காட்டுவதற்காக, அம்மையார் குடியிருந்த வீட்டின் ஐந்து மாடிப் படிகளையும் அவன் ஓடியே ஏறினான்.

ஒரு சிறுவனின் இத்துன்பம் பின்னர் ஆயிரக்கணக்கான சிறுவர்களின் துன்பமாயிற்று. 1897ஆம் ஆண்டில் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க 150 மருத்துவர்களை நியமித்தது. நோக்கம் நல்லதே. தொற்றுநோய் கண்ட பிள்ளையை விலக்கினால் மற்றவர்கள் தப்புவார்கள் அல்லவா? ஆகவே டிரக்கோமா என்னும் கண்ணோய், படர்தாமரை, சொறி சிரங்கு, பேன் ஆகியவை காணப்பட்ட பிள்ளைகள் வீட்டிற்கு அனுப்பப்பட்டார்கள். சோதனை கடுமையானபோது வெளியேற்றப்பட்டவர் தொகையும் ஏறிற்று. 1902 செப்டம்பரில் மட்டும் 10,567 முறை பிள்ளைகள் விலக்கப்பட்டார்கள் என்று கணக்குக் கூறுகிறது.

விலக்கப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? மாலையில் அதே தெருவில், அதே வகுப்புத் தோழர்களுடன் விளையாடும். நோய் பள்ளியை விட்டு விலகியதேயன்றி, பிள்ளையை விட்டு விலகவில்லை. மருத்துவர் கொடுத்தனுப்பும் குறிப்போ ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் பலருக்கு யிட்டிஷ் அல்லது இத்தாலிய மொழியே தெரியும். படிக்கத் தெரிந்தாலும், நாள் முழுதும் உழைக்கும் தாய் வேலையை விட்டுப் பிள்ளையை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வதெப்படி? மருத்துவர் நோயைக் கண்டுபிடித்தார். ஆசிரியர் பிள்ளையை விலக்கினார். அதற்கப்பால் செய்ய வேண்டியதைச் செய்ய எவரும் இல்லை.

இந்த இடைவெளியை வால்டு அம்மையார் கண்டார். தாம் நிறுவிய ஹென்றி தெரு இல்லத்திலிருந்து ஒரு தாதியை ஒரு மாத காலத்திற்கு நகருக்கு இரவலாகத் தர முன்வந்தார். சோதனை வெற்றி பெற்றால், அப்பணிக்குப் பொதுப் பணத்திலிருந்து ஊதியம் கிடைக்க அதிகாரிகள் முயல வேண்டும் என்று முன்னதாகவே வாக்குறுதியும் பெற்றுக்கொண்டார். லண்டன் மாநகரில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தாதியர் ஏழைப் பள்ளிகளுக்குச் சென்று தொண்டாற்றியதுண்டு. ஆயினும் நகராட்சியே இப்பொறுப்பை ஏற்கச் செய்ய வேண்டும் என்பது அம்மையாரின் எண்ணம்.

1902 அக்டோபர் முதல் நாள் லீனா ராஜர்ஸ் என்னும் தாதி பணியைத் தொடங்கினார். அவர் கனடாவில் பிறந்தவர். அவருக்கு நான்கு பள்ளிகள் ஒப்படைக்கப்பட்டன. சிறிய புண்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டு, பிள்ளையை மீண்டும் வகுப்பிற்கு அனுப்பினார். பள்ளிப் பணி முடிந்ததும், விலக்கப்பட்ட பிள்ளைகளின் வீடுகளை நாடி மாடிப் படிகளில் ஏறினார். தலையைக் கழுவும் முறையையும், களிம்பு பூசும் வகையையும் தாயின் எதிரிலேயே செய்து காட்டினார். தாம் கற்ற கலையைத் தாயின் கைக்கு மாற்றிக் கொடுத்தார் என்றே சொல்லலாம்.

ஒரு மாதச் சோதனை போதுமானதாயிற்று. நகர நிர்வாகம் தாதியருக்காக 30,000 டாலர் ஒதுக்கியது. விரைவிலேயே மேலும் 12 தாதியர் அமர்த்தப்பட்டனர். 1903 செப்டம்பரில் விலக்கப்பட்டவர் கணக்கு 1,101 ஆகக் குறைந்தது. அஃதாவது, ஓராண்டிற்குள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காயிற்று. இதற்குப் புதிய மருந்து எதுவும் காரணமன்று. மருந்துகள் பழையனவே, பள்ளியிலிருந்து வீட்டுவாசல் வரை நடந்துசென்ற ஒருவர்தாம் புதியவர்.

ஆனால், வீட்டாரின் நம்பிக்கை ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. அதே பகுதியில் 1906 ஜூன் மாதத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒரு பள்ளியில் சில பிள்ளைகளுக்கு, மூக்கின் பின்புறம் வளர்ந்த சதையை மருத்துவர்கள் அறுவை செய்து அகற்றினார்கள். செய்தி தெருவிற்கு வந்தபோது, "பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள்" என்னும் வதந்தியாக மாறிவிட்டது. ருஷியாவில் யூதர்மீது நிகழ்ந்த கொலைவெறித் தாக்குதல்களிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் அங்கே மிகுதி. தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு பள்ளிகளை முற்றுகையிட்டார்கள்; சன்னல்கள் நொறுங்கின. பிள்ளைகளைக் கண்ணால் கண்ட பின்னரே அமைதி திரும்பிற்று. அத்தாய்மாரை அறிவிலிகள் என்று ஏளனம் செய்வது எளிது. ஆனால் அவர்கள் மொழியில் அவர்களுக்கு விளங்குமாறு முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தால், அந்த அச்சத்திற்கு இடமேது?

லீனா ராஜர்ஸ் பின்னர் டொரொண்டோ நகருக்குச் சென்று, அங்கும் பள்ளித் தாதியர் பணியை வளர்த்தார். தம் அனுபவத்தை 1917இல் நூலாகவும் எழுதினார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நோயைக் கண்டறிவது பாதிப் பணியே. கண்டறிந்ததை வீட்டார் அஞ்சாமலும் நாணாமலும் ஏற்கும்படி சொல்வதும், அவர்களால் இயன்ற வழியைக் காட்டுவதுமே மறுபாதி. அந்த மறுபாதி நிறைவேறாதபோது ஒரு சிறுவன் பன்னிரண்டு வயதுவரை பள்ளி வாயிலுக்கு வெளியே நின்றான். அது நிறைவேறியபோது, கற்ற சொற்களைச் சொல்லிக் காட்ட அவன் ஐந்து மாடி ஏறி ஓடினான்.