சூரிச் போதகரும் வியன்னா மருத்துவரும்

மனிதனின் எண்ணம், நடத்தை, ஆளுமை ஆகியவற்றை உளவியல் எவ்வாறு விளக்குகிறது என்பதை இறையியல் மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம். போதகரின் ஆலோசனைப் பணிக்கு அவ்வறிவு தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அவ்விளக்கத்தை ஏற்பவர், அதை வகுத்தோரின் கடவுள் மறுப்பையும் சேர்த்தே ஏற்கவேண்டுமோ என்னும் ஐயம் மாணவர் பலரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இவ்வையத்தை ஒளிக்காமல் முப்பது ஆண்டுகள் சுமந்தவர், சூரிச் நகரின் சீர்திருத்தச் சபைப் போதகர் ஆஸ்கர் பிஸ்டர். அவர் வரலாற்றை ஈண்டு நினைவுகூர்வது பயனுடைத்து.

1873இல் பிறந்த பிஸ்டர், 1902 முதல் 1939 வரை சூரிச்சின் பிரெடிகர் ஆலயத்தில் போதகராகப் பணியாற்றினார். தாம் கற்ற இறையியல், துன்புறும் உள்ளங்களுக்கு மருந்தாக உதவவில்லை என்ற மனக்குறை அவருக்கு நெடுநாள் இருந்தது. 1908இல் தம் நகரத்தவரான கார்ல் யுங் வழியாக, வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டின் நூல்கள் அவருக்கு அறிமுகமாயின. மறு ஆண்டே இருவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் பிஸ்டர் வியன்னாவுக்கே சென்றார். சமயத்தின் சாயலே இல்லாத அவ்வீட்டில், கறுப்பு அங்கி அணிந்த அப்போதகர் வேறோர் உலகத்திலிருந்து வந்தவர்போல் தோன்றினார் என்று பிராய்டின் மகள் அன்னா பிற்காலத்தில் எழுதினார். பிள்ளைகளோ அவரை மிகவும் விரும்பினர்.

பிராய்டு சொன்னது யாது? மனிதன் தன் செயலுக்குத் தானே கூறும் காரணம் பெரும்பாலும் உண்மைக் காரணம் அன்று. தகாதவை என உள்ளே அமுக்கப்பட்ட ஆசைகள் அழிந்துபோவதில்லை. கனவாக, வாய்தவறிய சொல்லாக, காரணம் புலப்படாத அச்சமாக, சிலவேளை உடல்நோயாகவும் மாறுவேடம் பூண்டு திரும்பி வருகின்றன. சிறுவயதில் தந்தையின் கண்டிப்பாக வெளியே நின்ற குரல், பின்னர் உள்ளேயே குடிபுகுந்து மனிதனை ஓயாது குற்றஞ்சாட்டுகிறது. விரும்பாததையே செய்கிறேன் என்னும் பொருள்பட ரோமர் ஏழாம் அதிகாரத்தில் பவுல் புலம்புவதைப் பலமுறை பிரசங்கித்த நமக்கு, பிளவுண்ட மனிதன் என்னும் கருத்து புதியதன்று. அப்பிளவு உண்டாகும் வழியைக் காட்ட முயன்றதே புதியது.

தொடக்கத்திலேயே பிராய்டு ஒன்றைத் தெளிவாக்கினார். உளப்பகுப்பாய்வு தன்னளவில் சமயச் சார்புடையதும் அன்று, சமயத்துக்கு எதிரானதும் அன்று. துன்புறுவோரின் விடுதலைக்காக இருப்பின் போதகரும் பிறரும் ஒருங்கே கையாளத்தக்க கருவி அது என்று 1909இல் பிஸ்டருக்கு எழுதினார். பிஸ்டர் அக்கருவியை உடனே கையிலெடுத்தார். தம் சபையின் இளைஞரிடத்தில் அதைக் கையாண்டார். 1910இல் சின்சென்டார்ஃப் பிரபுவின் பக்தியை அதே முறையில் ஆராய்ந்து நூல் எழுதினார். (1760இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய மொரேவியச் சகோதரர்கள் அப்பிரபுவின் வழிவந்தோரே என்பதை நம் சபை வரலாறு கற்போர் அறிவர்.) காயங்களையும் குருதியையும் பற்றிய அவருடைய பாடல்களின் மிகையுணர்ச்சிக்குப் பின்னால் அமுக்கப்பட்ட பாலுணர்ச்சி மறைந்திருப்பதாகப் பிஸ்டர் கண்டார். அந்நூல் பலரைப் புண்படுத்தியது. ஒரு மனிதனின் பக்தி எவ்வழியாகப் பிறந்தது என்று காட்டுவதால் அப்பக்தியின் மதிப்பு தீர்ப்பிடப்பட்டுவிடாது என்பதைப் பிஸ்டரும் அந்நூலில் போதிய அளவு கருதவில்லை என்பது நம் எண்ணம்.

பிராய்டு அவரிடம் கண்ட குறையோ வேறு. பிஸ்டர் அளவுக்கு மீறி நல்லவராக இருக்கிறார். உள்ளத்தின் அழுக்கைக் கிளறுவதற்கு வேண்டிய இரக்கமின்மை அவரிடம் இல்லை என்று நண்பரைக் கடிந்துகொண்டார். பின்னர் யுங் பிரிந்து சென்றபோதும் பிஸ்டர் பிராய்டை விட்டு நீங்கவில்லை.

1927இல் புயல் வந்தது. பிராய்டு தம் 'ஒரு மாயையின் எதிர்காலம்' என்னும் சிறுநூலை வெளியிட்டார். நண்பரை எண்ணியே அதை நெடுநாள் தள்ளிவைத்திருந்ததாக முன்கூட்டியே அவருக்கு எழுதவும் செய்தார். இயற்கையின் முன் ஆதரவற்று நிற்கும் மனிதன், குழந்தைப் பருவத்தில் தந்தையிடம் பெற்ற காவலை நாடி வானத்தில் ஒரு தந்தையை அமைத்துக்கொள்கிறான் என்பதே அதன் சாரம். 1841இலேயே ஃபாயர்பாக் இதற்கு நெருங்கிய கருத்தைக் கூறியிருந்தார். பிராய்டு அதற்குச் சிகிச்சை அறையிலிருந்து சான்று கொணர்ந்ததே வேறுபாடு.

பிஸ்டர் சினங்கொள்ளவில்லை. சமயத்துக்குப் பயனற்ற ஆதரவாளர் ஆயிரம் பேரைவிட ஆற்றல்மிக்க எதிரி ஒருவரே மேல் என்று பதில் எழுதினார். பிராய்டும் அவர் மறுப்பை வரவேற்றார். 'ஓர் எதிர்காலத்தின் மாயை' என்னும் அம்மறுப்பு, 1928இல் பிராய்டின் 'இமாகோ' இதழிலேயே அச்சேறிற்று. ஆசையின் பயனே சமயமெனில், ஆசைகளை அறுக்கச் சொல்லும் தீர்க்கதரிசிகளின் குரல் எந்த ஆசையிலிருந்து பிறந்தது? அறிவியல் மனிதனை மீட்கும் என்னும் பிராய்டின் நம்பிக்கையும் ஒரு விருப்பம்தானே? இவ்வினாக்கள் இன்றும் கூர்மழுங்கவில்லை.

ஆயினும் பிஸ்டரின் ஆழமான விடையை அம்மறுப்பில் அன்று, 1944இல் வெளிவந்த 'கிறிஸ்தவமும் அச்சமும்' என்னும் பெருநூலிலேயே காண்கிறோம். சமயச் சடங்குக்கும் கட்டாய நோயாளி திரும்பத் திரும்பச் செய்யும் செயலுக்கும் ஒற்றுமை உண்டென்று பிராய்டு 1907இலேயே எழுதியிருந்தார். பிஸ்டர் அதை மறுக்கவில்லை. திருச்சபை வரலாற்றின்மேல் வைத்துச் சோதித்தார். 1 யோவான் 4:18இல் அன்பு அச்சத்தைப் புறம்பே தள்ளும் என்று கற்பிக்கப்பட்ட சபை, எத்தனை காலம் அச்சத்தையே ஊட்டி வளர்த்தது என்று வினவினார். கால்வினின் ஜெனீவாவையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இது ஏட்டுச் செய்தி அன்று. துறவிமடத்தில் இளம் லூத்தர் சிலவேளை ஆறு மணிநேரம் பாவ அறிக்கை செய்தும் ஆறுதல் பெறாமல், விடுபட்ட பாவத்தை நினைத்து மீண்டும் ஓடிவந்தார் என்பர். அத்தகையோர் நம் சபைகளிலும் உளர். மன்னிப்பை நூறுமுறை அறிவித்தும் நம்பமாட்டாதவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று கடிந்துகொள்ளும் போதகர், அவருடைய உள்ளிருந்து குற்றஞ்சாட்டும் அக்கொடிய குரலுக்குத் தம் குரலையும் சேர்த்துக்கொடுக்கிறார். மறுபுறம், உண்மையாகவே அயலானுக்குத் தீங்கிழைத்து வந்தவரிடம் இது வெறும் குற்றவுணர்ச்சி நோய் என்று கூறி அனுப்புவோமாயின், மனந்திரும்பும் உரிமையையே அவரிடமிருந்து பறிக்கிறோம். இவ்விரண்டையும் பகுத்தறிதல் எளிதன்று. பிஸ்டருக்கே இரண்டாவது ஆபத்து போதிய அளவு புலப்படவில்லை.

1928 நவம்பரில் பிராய்டு மற்றொரு கடிதம் விடுத்தார். மருத்துவரல்லாதார் பகுப்பாய்வு செய்வதைப் பற்றித் தாம் 1926இல் எழுதிய நூல், இக்கலையை மருத்துவரிடமிருந்து காப்பதற்கு; மாயை பற்றிய நூல், குருமாரிடமிருந்து காப்பதற்கு என்றார். மருத்துவராக இருக்கத் தேவையில்லாத, குருவாக இருக்கக்கூடாத, உலகியல் சார்ந்த ஆத்துமப் பராமரிப்பாளரிடம் அதை ஒப்படைக்க விரும்புவதாகவும் குறிப்பிட்டார். இருபது ஆண்டுகள் அக்கலையைச் சபையில் கையாண்ட போதகருக்கே இதை எழுதினார்! பிஸ்டர் தம் மறுமொழியில், கடவுள் மறுப்பும் எதிர்மறையான ஒரு நம்பிக்கையே என்றும், பகுப்பாய்வு சமயத்தை அழிக்காது, தூய்மைப்படுத்தும் என்றும் அமைதியாகக் கூறினார். நட்பு முறியவில்லை. 1939 செப்டம்பரில் பிராய்டு இலண்டனில் காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மனைவி மார்த்தாவுக்கு ஆறுதல் மடல் எழுதிய பிஸ்டர், முப்பது ஆண்டுகளுக்குமுன் தாம் முதன்முறை நுழைந்த அவ்வீட்டின் மகிழ்ச்சியை அதில் நினைவுகூர்ந்தார்.